மெஷ் நம்பரை ஏற்றினால் மொய்ரே போகுமா?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், இழைகளுக்கு நடுவே யாரும் நெய்யாத ஓர் அலை ஓடுவது தெரியும். இரண்டு மடிப்பின் இழையும் ஏறக்குறைய ஒரே திசையில் கிடக்கும்போது அலை அகலமாக இருக்கும். மேல்மடிப்பைத் திருப்பத் திருப்ப அது நெருங்கி, ஒரு கட்டத்தில் கண்ணுக்கே எட்டாமல் போய்விடும். இத்தனைக்கும் துணி அதே துணி, இழை அதே இழை. நெசவு முரடாக இருப்பதால்தான் அலை வந்தது என்று தறிக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். ஆனால் துணிமேல் அச்சடிக்கிற தொழிலில் அந்தப் பேச்சுக்கு யாரும் சிரிப்பதில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில், மெஷ் என்னும் வலைத்துணி வழியே மையை இறக்கி, ஒரு புகைப்படத்தை ஹாஃப்டோன் புள்ளிகளாக அடித்து, அதில் அலையும் பட்டையுமாக மொய்ரே விழுந்துவிட்டால், எங்கு கேட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான்: மெஷ் முரடு, நம்பரை ஏற்று. 90 போட்டு வந்தால் 120 போடு, 120 போட்டும் வந்தால் 150 போடு. இந்தப் பதில் தவறு என்பதும், இது தொழிலுக்குச் செலவு வைக்கும் தவறு என்பதும் என் வாதம்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதை ஒரு விவாதமாக யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். துணிப்பையில் அடிப்பதெல்லாம் கடைப்பெயர், ஊர்ப்பெயர், மணமக்கள் பெயர், மிஞ்சினால் ஒரு குத்துவிளக்குக் கோட்டோவியம். எழுத்துக்கும் கோட்டுக்கும் புள்ளி வேண்டாம். புள்ளி இல்லாத இடத்தில் மொய்ரேவும் இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. துணிப்பை திரும்பி வந்தபோது பழைய எளிமையோடு வரவில்லை. இப்போது தாம்பூலப் பையில் மணமக்களின் புகைப்படமே வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் வெறும் கோட்டில் போதாது, பதினொரு நிலையும் நிழலும் வெளிச்சமுமாகத் தெரிய வேண்டும். ஆடிப்பூரத் தேர் வேண்டும். ஆண்டாள் முகம், அதுவும் காலண்டரில் இருக்கிற அதே சாந்தத்தோடு வேண்டும். இந்த ஆசை எதிலும் குற்றமில்லை. ஒரே வண்ண மையில் இத்தனை நிழலைக் காட்ட ஹாஃப்டோனை விட்டால் வழியும் இல்லை. ஆகவே கோட்டு வேலையில் தேறிய கைகள் புள்ளி வேலைக்கு வந்தன, கோட்டு வேலையின் அனுபவ அறிவையும் கூடவே கொண்டுவந்தன. கோட்டு வேலையில் நம்பர் ஏற ஏற விளிம்பு கூர்மையாகும் என்பது உண்மை. அந்த உண்மையை அப்படியே புள்ளிக்கும் பொருத்தியதில்தான் பிசகு.

பிசகு எங்கே என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடக் கணக்கே போதும். 55 லைன் என்றால் ஒரு அங்குலத்துக்கு 55 வரிசைப் புள்ளிகள். அவற்றை வழக்கம்போல் 45 டிகிரியில் சாய்த்து வைத்தால், மெஷ் இழையின் திசையில் அளக்கும்போது அங்குலத்துக்கு ஏறத்தாழ 78 வரிசை வரும். மெஷ் 90 என்று எடுத்துக்கொள்வோம். அது சென்டிமீட்டருக்கு 90 இழை, அங்குலத்துக்குச் சுமார் 229. மூன்று இழைக்கு ஒரு புள்ளி வரிசை என்று இரண்டும் ஏறக்குறையப் பொருந்துகின்றன; ஏனென்றால் 78க்குச் சற்றுக் குறைவான அந்த வரிசையின் மும்மடங்கு 233. இந்த ‘ஏறக்குறைய’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முழுசாகப் பொருந்தினால் பட்டை இல்லை, கொஞ்சமும் பொருந்தாவிட்டாலும் பட்டை இல்லை. கொஞ்சமாகப் பிசகினால், புள்ளி ஓரிடத்தில் இழைமேல் விழும், சற்றுத் தள்ளித் துளையில் விழும், மறுபடி இழைமேல் விழும். இந்தக் கணக்கில் அது 5 மில்லிமீட்டருக்கு ஒருமுறை நடக்கிறது. மணமகள் கன்னத்தில் 5 மில்லிமீட்டர்ப் பட்டை என்றால் யார் கண்ணுக்கும் தப்பாது.

சரி, ஊர் வழக்கப்படி நம்பரை ஏற்றுவோம். 120 மெஷ் அங்குலத்துக்கு 305 இழை. இப்போது நான்கு இழைக்கு ஒரு வரிசை ஏறக்குறையப் பொருந்துகிறது, பட்டை 4 மில்லிமீட்டர். பணம் கூடுதலாகக் கொடுத்து 5 மில்லிமீட்டரை 4 ஆக்கியிருக்கிறோம். 140 போட்டால் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் விழுந்து, பட்டை முக்கால் மில்லிமீட்டராகச் சுருங்கிக் கண்ணுக்கு மறைகிறது. ஆகா, தீர்ந்தது என்று நினைத்து இன்னும் ஒரு படி ஏறி 150க்குப் போனால் ஐந்து இழைக்கு ஒரு வரிசை என்று மறுபடி பொருந்தி, 3 மில்லிமீட்டர்ப் பட்டை திரும்பி வருகிறது. நம்பர் ஏறிக்கொண்டே போகிறது; பட்டையோ இறங்குகிறது, மறைகிறது, மீண்டும் வருகிறது. நெருக்கம்தான் காரணம் என்றால் இப்படி நடக்காது. மெஷ்ஷுக்கும் லைனுக்கும் உள்ள விகிதமும், இரண்டும் சந்திக்கிற கோணமும்தான் இங்கே பேசுகின்றன.

எனில் நம்பரை ஏற்றியதும் மொய்ரே போனது என்று இத்தனை பேர் சொல்வது பொய்யா? இல்லை, போயிருக்கும். 120 போட்டபோது வந்தது 140 போட்டதும் போனது என்றால், மேலே சொன்ன கணக்குப்படி அது போகத்தான் வேண்டும். ஆனால் அவர் மாற்றியது நெருக்கத்தை மட்டுமல்ல, விகிதத்தையும்தான். விகிதம் செய்த வேலைக்கு நெருக்கம் பேர் வாங்கிக்கொண்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 150இலிருந்து 140க்கு இறங்கி அதே பலனைப் பெற்றவர்களும் இருப்பார்கள். அது வாய்மொழி மரபில் சேர்வதில்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரோலில் எழுதியிருக்கும் நம்பர் ஃபிரேமில் கட்டிய பிறகு இருப்பதில்லை. பாலியஸ்டர் மெஷ்ஷை இழுத்துக் கட்டும்போது அது நீளும். இரண்டு சதவீதம் நீண்டாலே 229 இழை 224 ஆகிவிடும், 5 மில்லிமீட்டர்ப் பட்டை 3 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஒரே ரோலில் வெட்டிய மெஷ்ஷை இரண்டு ஃபிரேமில் கட்டினால், ஒன்றில் மொய்ரே வருவதும் மற்றதில் வராததும் இதனால்தான். ஃபிரேம் ராசி என்று சிலர் இதைச் சொல்வார்கள். ராசி இல்லை, இழுப்பு.

நம்பர் விஷயத்தில் அலகுக் குழப்பம் வேறு. மெஷ் எண்ணை உலகத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், சென்டிமீட்டருக்கு என்றும் அங்குலத்துக்கு என்றும். 120 என்பது சென்டிமீட்டர்க் கணக்கானால் 55 லைனுக்கு ஐந்தரை மடங்கு இழை. அங்குலக் கணக்கானால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். முதலாவது ஹாஃப்டோனுக்குத் தாராளமாகப் போதும், இரண்டாவது ஆகவே ஆகாது. அலகைச் சொல்லாமல் ‘120 போடு’ என்று கைமாறும் அறிவுரையைக் கேட்டு யார் எதைப் போடுவார் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

நெருக்கமான மெஷ்ஷுக்குப் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு புள்ளியின் அடியில் எத்தனை இழை ஓடுகிறதோ அத்தனைக்கு ஒவ்வோர் இழையின் தலையீடும் மங்கும். ஆகவே பட்டை விழுந்தாலும் வெளிறித் தெரியும். லைனைப்போல் நான்கு ஐந்து மடங்கு மெஷ் இருக்க வேண்டும் என்ற பழைய விதிக்கு அதுதான் காரணம், அந்த விதியை நானும் ஏற்கிறேன். ஆனால் விகிதம் ஐந்து ஆக வேண்டுமானால் மேலே இருப்பதை ஏற்றலாம், கீழே இருப்பதை இறக்கவும் செய்யலாம். 55 லைனை 46 ஆக்கினால் 90 மெஷ்ஷே ஐந்து மடங்காகிவிடுகிறது. அதற்குச் செலவு கம்ப்யூட்டரில் ஓர் எண்ணை மாற்றுவது. மெஷ்ஷை ஏற்றுவதற்கோ விலை மட்டும் செலவல்ல. நெருக்கமான மெஷ்ஷில் மை குறைவாக இறங்கும். காடாத் துணி அதை உறிஞ்சிக்கொண்டு படம் சாம்பல் பூத்து நிற்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் கலந்த பிக்மென்ட் பேஸ்ட் சிறுதுளைகளில் காய்ந்து அடைத்துக்கொள்ளும், பத்துப் பைக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும். ஸ்க்வீஜியை அழுத்தினால் மெல்லிய இழை கிழியும். இத்தனை தொல்லையையும் விலைகொடுத்து வாங்கச் சொல்கிறது அந்த எளிய அறிவுரை. மெஷ் விற்கிறவர் மட்டும் அதை மறுக்கமாட்டார்.

55 லைன் முரடு, 46 இன்னும் முரடு, சிவகாசியில் 150 லைனும் 175 லைனும் அடிக்கிறார்களே என்று இங்கே ஒரு குரல் எழும். இந்த வட்டாரத்தில் அச்சு என்றாலே சிவகாசி. பக்கத்தில் இருக்கிற பெரிய அண்ணனின் வழக்கங்களைச் சின்னத் தம்பிகள் எடுத்துக்கொள்வது இயல்பு. ஆனால் ஆஃப்செட்டின் வழக்கங்கள் ஆஃப்செட்டின் தேவையிலிருந்து பிறந்தவை. ஆஃப்செட் பிளேட் அலுமினியத் தகடு. அதன் மேற்பரப்பில் சொரசொரப்பு உண்டு, நெசவு கிடையாது. அங்கே புள்ளிகளோடு மோதுவதற்கு வேறொரு வலை இல்லை. நான்கு வண்ணத்தின் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்காகத்தான் சயான் 15, கறுப்பு 45, மெஜந்தா 75 என்று முப்பது முப்பது டிகிரியாகப் பிரித்தார்கள். கண்ணில் அதிகம் படாத மஞ்சளை மட்டும் மிச்சமிருந்த 0 அல்லது 90இல் உட்காரவைத்தார்கள். கறுப்புக்கு 45 கொடுத்ததற்குக் காரணம் மனிதக் கண். செங்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும் சட்டென்று பிடிக்கும் கண், சாய்கோட்டில் சற்று அசமந்தம். இதில் ஒரு காரணம்கூட மெஷ்ஷைப் பற்றியதல்ல. ஸ்கிரீன் பிரிண்டிங்கிலோ மெஷ்ஷே ஒரு வலை. சதுர வலைக்கு 0, 90 மட்டும் திசையல்ல, மூலைக்கு மூலை போகும் 45ம் அதன் பலமான திசைதான். ஆக, ஆஃப்செட்டில் மிகப் பத்திரமான கோணம் இங்கே மிக ஆபத்தான கோணங்களில் ஒன்று. சிவகாசிக்கு அனுப்பத் தயாரித்த படத்தை அப்படியே வாங்கி, ஸ்கிரீனில் படத்தைப் பதிக்க உதவும் பாசிட்டிவ் எடுக்கும்போது, மெஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே பாதி மொய்ரே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

மெஷ்ஷும் பாசிட்டிவ்வும் இரண்டு வலைகள். துணி மூன்றாவது வலை. காகிதத்தில் அடிக்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ராஜபாளையம் பக்கத்துப் பைத்தொழிலுக்கு இது தப்பாத தொல்லை. அங்குலத்துக்கு 52 இழை ஓடும் துணியில் 55 லைனை நேராக, 0 டிகிரியில் அடித்தால், அங்குலத்துக்கு மூன்று பட்டை, அதாவது எட்டரை மில்லிமீட்டருக்கு ஒன்று விழும். மெஷ் 90ஆ, 150ஆ, 200ஆ என்பதற்கும் இந்தப் பட்டைக்கும் சம்பந்தமே இல்லை! மெஷ்ஷை எவ்வளவு மாற்றினாலும் போகாத மொய்ரே சில உண்டு என்று தொழிலில் புலம்புவார்களே, அவற்றில் இது முக்கியமானது. அதே 55 லைனை 22.5 டிகிரிக்குச் சாய்த்தால் பட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கித் துணியின் இழைநயத்தோடு கலந்துவிடும். துணி மேஜையில் கோணலாக ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கும் அந்தக் கோணலுக்கு ஏற்ப மாறும். ஒரே ஸ்கிரீனில் அடித்த நூறு பையில் ஏழெட்டில் மட்டும் அலை தெரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நான்காவது வலை படத்துக்குள்ளேயே இருக்கும். வாடிக்கையாளர் கொண்டுவந்து கொடுப்பது பெரும்பாலும் மூலப் புகைப்படம் அல்ல. சுவரிலிருந்து கழற்றிய காலண்டர், பழைய அழைப்பிதழ், பால்கோவா டப்பாவின் மூடி. இவையெல்லாம் ஏற்கெனவே புள்ளியாக அச்சானவை. ஸ்கேன் செய்யும்போது காலண்டரின் புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டங்களும் மோதுகின்றன. அந்த மோதலின் அலை படத்தில் பதிந்துவிடுகிறது. அதன்மேல் புதிதாக 55 லைன் போட்டால் புள்ளிமேல் புள்ளி. இப்படிப் பிறந்த மொய்ரேயை மெஷ்ஷால் தீர்க்க நினைப்பது, சமைக்கும்போது கரித்த குழம்பைப் பரிமாறும் கரண்டியை மாற்றிச் சரிசெய்ய நினைப்பதுதான். செய்ய வேண்டியது, அதிக ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்து, பழைய புள்ளிகள் கரையும் அளவுக்கு மங்கலாக்கி, பிறகு சுருக்குவது. எதுவரை சுருக்கலாம்? லைனைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு போதும். 55 லைனுக்கு 110 டிபிஐ. எல்லாவற்றுக்கும் 300 டிபிஐ வேண்டும் என்பது ஆஃப்செட்டிலிருந்து வந்த இன்னொரு இரவல் வேதம். கோபுரம் போன்ற படத்தில் அது தீங்கும் செய்யும். நிலைக்கு நிலை அடுக்கடுக்காக ஒரே அளவில் ஓடும் மாடங்களும் சுதைகளும் தாமே ஒரு வரிசைதான். அவற்றின் நுணுக்கத்தைக் கூடுதலாகத் தக்கவைத்தால் அவை புள்ளி வரிசையோடு மோதிக் கோபுரத்தில் இல்லாத நெளிவைக் காட்டும். ஜரிகைக் கோடு போட்ட பட்டுப்புடவையும் அப்படியே.

இப்படி வலைமேல் வலையாக விழும் இடத்தில் ஒரே ஒரு வலையின் நெருக்கத்தை மட்டும் ஏற்றுவது என்ன தீர்வு? எல்லா வலைக்கும் பொதுவாக நம் கையில் இருக்கும் பிடி, புள்ளியின் கோணமும் லைனும்தான். மெஷ்ஷை ஒருமுறை கட்டினால் கட்டியதுதான், துணியை நெய்து முடித்துவிட்டார்கள், காலண்டரோ அச்சாகிச் சுவரில் தொங்கி ஒரு வருடமாகிவிட்டது. புள்ளி மட்டும் இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

கோணத்துக்கு ஏன் 22.5 என்றால், 0க்கும் 45க்கும் நட்டநடு என்பது பாதிக் காரணம். சதுர வலையில் 0, 45 தவிர இன்னும் சில பலவீனமான திசைகள் உண்டு. இரண்டு கட்டம் போய் ஒரு கட்டம் ஏறினால் 26.6 டிகிரி, மூன்று கட்டம் போய் ஒரு கட்டம் ஏறினால் 18.4. இவ்விரண்டுக்கும் நடுவில் 22.5 விழுகிறது, ஆகவே எதனோடும் ஒட்டாமல் நிற்கிறது. நான்கு வண்ணம் அடிக்க வேண்டி வந்தால், ஆஃப்செட் கோணங்கள் நான்கையும் ஒருசேர ஏழரை டிகிரி நகர்த்தினால் போதும்: 7.5, 22.5, 52.5, 82.5. வண்ணங்களுக்கிடையே உள்ள இடைவெளி கெடாது, மெஷ்ஷின் திசைகளிலிருந்தும் எல்லாம் விலகிவிடும்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 22.5 என்று டைப் அடித்துவிட்டால் 22.5 வந்துவிடும் என்று நம்புவது. சின்னப் பட்டறைகளில் பாசிட்டிவ் என்பது ட்ரேசிங் பேப்பரில் எடுக்கும் 600 டிபிஐ லேசர் பிரிண்ட்தான். லேசர் பிரிண்டரும் ஒரு சதுர வலை. அது தன் கட்டங்களில் உட்காரக்கூடிய கோணத்தையும் லைனையும்தான் தரும், மற்றதை அருகிலுள்ள ஏதோ ஒன்றுக்குத் தள்ளிவிடும். அந்த ஏதோ ஒன்று நாம் விலகி ஓடிய 18.4 ஆகவோ 26.6 ஆகவோகூட இருக்கலாம். ஆனால் பள்ளியில் படித்த 5, 12, 13 செங்கோண முக்கோணம் இங்கே கைகொடுக்கிறது. பன்னிரண்டு கட்டம் போய் ஐந்து கட்டம் ஏறினால் கோணம் 22.6 டிகிரி, தொலைவு சரியாக 13 கட்டம். 600ஐ 13ஆல் வகுத்தால் 46. அதாவது 600 டிபிஐ பிரிண்டரில் 46 லைன், 22.6 டிகிரி என்பது மிச்சமில்லாமல் வந்து உட்காரும் இணை. அந்த 46க்கு 90 மெஷ் ஐந்து மடங்கு என்று முன்பே பார்த்தோம். மெஷ் கடைக்குப் போகாமல், இருக்கிற பிரிண்டரையும் இருக்கிற மெஷ்ஷையும் வைத்துக்கொண்டே கிடைக்கிற தீர்வு இது. இப்படிக் கணக்கிலிருந்து தொடங்குவது நம் நாட்டு அச்சுக்குப் புதிதும் அல்ல. சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய், கல்கத்தாவில் இருந்துகொண்டு, ஹாஃப்டோன் பிரச்சினைகளைக் கணிதமாக அணுகி 1897 முதல் லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரை எழுதினார். கைப்பழக்கத்தால் சரிசெய்வது என்று மற்றவர்கள் விட்டிருந்ததை அவர் கோணமும் துளையளவுமாகக் கணக்கிட்டார்.

கைப்பழக்கம் என்றதும் அடுத்த எதிர்ப்பு வரும். தேர்ந்த கை அழுத்தத்தையும் மையின் பதத்தையும் மாற்றியே மொய்ரேயை மறைத்துவிடும், கணக்கெல்லாம் எதற்கு என்பார்கள். மறைக்கும், உண்மைதான். மையை இளக்கி அழுத்தி அடித்தால் புள்ளிகள் பரவி ஒன்றோடொன்று சேரும், பட்டை மங்கும். கூடவே படத்தின் நடுநிழலெல்லாம் அப்பிக்கொள்ளும். முகத்தில் பட்டை இல்லை, முகமும் இல்லை. மெஷ்ஷையே ஃபிரேமில் சாய்த்துக் கட்டலாமே என்பது இதைவிட நியாயமான எதிர்ப்பு. கோணம்தான் விஷயம் என்பதை ஒப்புக்கொள்ளும் எதிர்ப்பு என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. வேலையும் செய்யும். ஆனால் நான்கு மூலையிலும் மெஷ் வீணாகும், சாய்வாக இழுத்த மெஷ்ஷில் எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பைக் கொண்டுவருவது கடினம், துணியின் வலைக்கு அது எந்தப் பதிலும் சொல்லாது. புள்ளியைச் சாய்த்தால் இந்த மூன்றும் இல்லை.

வரிசையே இல்லாமல் புள்ளிகளை இறைத்துவிட்டால் மோதுவதற்கு ஒன்றும் இருக்காதே என்று கேட்பவருக்கு, ஆம் என்பதே என் பதில். ஒழுங்கற்ற புள்ளியில் மொய்ரே பிறக்க வழியில்லை. ஆனால் புள்ளி எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதை மெஷ் தீர்மானிக்கிறது. 48 மைக்ரான் இழையுள்ள 90 மெஷ்ஷில், இரண்டு இழையும் நடுவில் ஒரு துளையும் சேர்ந்த அளவு, சுமார் 160 மைக்ரான், இருந்தால்தான் புள்ளிக்குப் பிடிமானம். 600 டிபிஐ பிரிண்டரில் அது நான்குக்கு நான்கு கட்டம். படத்தை 150 டிபிஐக்கு இறக்கி டிஃப்யூஷன் முறையில் புள்ளியாக்கினால் சரியாக அந்த அளவு வரும். தேருக்கும் கோபுரத்துக்கும் இது அருமையாகப் பொருந்தும். கல்லும் மரமும் மணல்தூவியதுபோல் தெரிந்தால் குறையில்லை. முகத்துக்குத்தான் அம்மைத் தழும்பு போட்டதுபோல் ஆகிவிடும். ஆக, இது எல்லாவற்றுக்குமான மருந்து அல்ல. படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது. இந்த 160 மைக்ரான் கணக்கை வழக்கமான ஹாஃப்டோனுக்கும் போட்டுப் பார்க்கலாம். 46 லைனில் ஆறு சதவீதத்துக்குக் கீழே உள்ள வெளிர்நிழல் பிடிக்காது, 55 லைனில் ஒன்பது சதவீதமே பிடிக்காது. முரடான லைன் வெளிர்நிழலை இழக்கும் என்று நினைப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கட்சி உண்டு: துணிப்பைக்குப் புகைப்படமே வேண்டாம், கோட்டோவியம் போதும் என்பவர்கள். அழகு பற்றிய அவர்கள் கருத்தை நான் மறுக்கமாட்டேன். தமிழக அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம், ஸ்ரீவில்லிபுத்தூருடையது என்று பரவலாகச் சொல்லப்படுவது, புள்ளி எதுவும் இல்லாத வெறும் கோடுதான். எந்த மெஷ்ஷிலும் எந்தத் துணியிலும் நிற்கிறது. ஆனால் ‘வேண்டாம்’ என்பது வேறு, ‘முடியாது’ என்பது வேறு. மெஷ்ஷை ஏற்றிப் பார்த்து, அடைத்துக்கொண்டு, தோற்றுப்போய், ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் புகைப்படம் ஒத்துவராது என்று சொல்லும்போது அழகுணர்ச்சி பேசவில்லை, தவறான அறிவுரை பேசுகிறது.

மொய்ரே என்ற பிரெஞ்சுச் சொல்லே பட்டறைக்குப் பட்டுக்கடையிலிருந்து வந்தது. நீரலைபோல் மினுங்கும் பட்டுத்துணிக்குப் பெயர் அது. ஹாஃப்டோனும் துணியில்தான் தொடங்கியது. 1852இல் இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் காப்புரிமை பெற்ற முறையில், புகைப்படத்தின் நிழலைத் துண்டு துண்டாக உடைக்கப் பயன்பட்டது சல்லாத்துணி, சத்திரப்பட்டிச் சரக்கின் தூரத்து உறவு. மொய்ரேயைக் குற்றமாகப் பார்க்காதவர்களும் அன்றே இருந்தார்கள். 1874இல் ராலே பிரபு, நுண்கோடு கீறிய இரண்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எழும் அலையைக்கொண்டு கீறல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்கலாம் என்று காட்டினார். இன்று மெஷ்ஷை எண்ணும் ஃபிலிம் கருவி வேலை செய்வதும் அதே தத்துவத்தில்தான்: மெஷ்மேல் வைத்தால் அலை எந்த எண்ணில் குவிகிறதோ அதுவே இழுத்துக் கட்டிய பிறகுள்ள உண்மையான நம்பர். எதை ஒழிக்க மெஷ் வாங்கச் சொல்கிறார்களோ, அதைவைத்தே மெஷ்ஷை அளக்கிறார்கள்.

கருவிகூட வேண்டாம். எமல்ஷன் பூசிக் காயவைத்த ஸ்கிரீனை மஞ்சள் விளக்கடியில் வைத்து, கீழிருந்து அதே மஞ்சள் வெளிச்சம் வருமாறு செய்து, பாசிட்டிவ்வை மேலே வைத்துப் பார்த்தால், மெஷ்ஷோடு மோதும் அலை அப்போதே தெரிந்துவிடும். தெரிந்தால் பாசிட்டிவ்வை இரண்டு டிகிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கலாம். படம் கோணும் அளவுக்குத் திருப்ப வேண்டியிருந்தால் கம்ப்யூட்டரில் கோணத்தை மாற்றி வேறொரு பிரிண்ட் எடுக்கலாம். அடிக்கப்போகும் துணியில் ஒரு துண்டைப் பாசிட்டிவ்வின் அடியில் விரித்தும் பார்க்கலாம். ஆகும் நேரம் ஐந்து நிமிடம், ஆகும் செலவு ஒரு ட்ரேசிங் பேப்பர். அடுத்த முகூர்த்தத்துக்குப் பை ஆர்டர் வந்து, மாதிரியில் பட்டை விழுந்து, மெஷ் கடைக்குப் போன் போடக் கை போகும்போது, முதலில் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்துவிடுங்கள். அதன்பிறகும் மெஷ் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். சென்டிமீட்டர்க் கணக்கா அங்குலக் கணக்கா என்று கேட்டு வாங்குங்கள்.